பெயர் ஒன்று, மருந்து வேறு!

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் என் மகளுக்கு முகமெல்லாம் பரு. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்னடி இது முகத்துல?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி டம்ளரையே கையில் வாங்குவார்கள். கண்ணாடி முன் நின்று அவள் அழுததைப் பார்த்து எனக்கும் பொறுக்கவில்லை.

தோழி சொன்னாள் என்று சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் கலந்த ஃபேஸ்வாஷ் வாங்கினாள். பத்து நாளாகியும் பலன் தெரியவில்லையே என்று, அதே அமிலம் உள்ள சீரத்தையும் காலை, இரவு தடவ ஆரம்பித்தாள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? என் பங்குக்கு எலுமிச்சம்பழச் சாற்றில் கஸ்தூரி மஞ்சளைக் குழைத்துப் பூசி விட்டேன். மூக்கோரமெல்லாம் தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்று துடித்தாள்.

மெடிக்கல் ஷாப்பில் போய், "சாலிசிலிக் போட்டு எரியுதுங்க" என்றேன். "இதுவும் சாலிசிலிக்தான்க்கா, எரியாது" என்று ஒரு ஆயின்ட்மென்ட்டை நீட்டினார். சீட்டு எதுவும் கேட்கவில்லை. நாலே நாளில் முகம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது! கடைக்காரரை வாயார வாழ்த்தினேன். இரண்டு மாதம் தடவினாள். நிறுத்திய சில நாளில் முன்பைவிட அதிகமாகப் பரு கிளம்பியது. கன்னம் சிவந்து மெல்லிய ரத்த நாளங்கள் தெரிந்தன. மேலுதட்டில் ரோமம் வேறு.

தோல் டாக்டர் அந்த டியூப்பின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம், கூடவே பீட்டாமெத்தசோன் 0.05 சதவீதம். பின்னது ஸ்டீராய்டாம்! சோரியாசிஸ் போலத் தடித்துச் செதில் உதிரும் தோலுக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்துப் போடுவது. பருவுக்குப் போட்டால் முதலில் அடங்கின மாதிரி காட்டி, பிறகு தோலையே மெலிய வைத்துவிடுமாம். இந்த மாதிரிக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018லேயே மத்திய அரசு விதியை இறுக்கியிருக்கிறது. கேட்பார் யார்?

அமிலத்தை நான் குறை சொல்லவில்லை. எண்ணெயில் கரைவதால் துவாரத்துக்குள் போய், அடைத்திருக்கும் பிசுக்கையும் செத்த தோலையும் இளக்குகிறது. கரும்புள்ளிக்கும் சின்னப் பருக்களுக்கும் நல்லதுதான். வாரம் இரண்டு மூன்று நாள் என்று ஆரம்பித்து, மாய்ஸ்சரைசர் போட்டு, வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீனும் தடவி, ஆறெட்டு வாரம் பொறுக்க வேண்டும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. காலாணிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியில்கூட இதே அமிலம்தான், 40 சதவீதம்! அதனால் பெயரைக் கேட்டு வாங்காமல், எத்தனை சதவீதம், கூட என்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். பொடி எழுத்து தெரியாவிட்டால் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கடைக்காரரைவிட, காபி குடிக்க வந்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அந்த வாய்க்குப் பயந்துதானே இத்தனை அவசரப்பட்டோம்? மகளுக்கு முகம் தேற ஏழு மாதம் ஆயிற்று. போன வாரம் என் நாத்தனார் மகள் கையிலும் அதே டியூப்! அதைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "எல்லாரும்தான்க்கா வாங்கிட்டுப் போறாங்க" என்கிறார்.

- ஒரு தாய், மன்னார்குடி.