நன்னடத்தைக்கு ஏலம்!



இங்கிலாந்து, வேல்சு நாடுகளிலே ஒரு சங்கம் உண்டு. பஞ்சாலைத் தொழிலாளர் சங்கமன்று. இரயில்வேத் தொழிலாளர் சங்கமுமன்று. குற்றம் புரிந்தவனைக் கைப்பிடித்து, மீண்டும் மனிதர் கூட்டத்திற்குள் அழைத்து வருவதையே தொழிலாகக் கொண்ட நன்னடத்தை அலுவலர்களின் சங்கம். 1912-இல் பிறந்தது. 'நாப்போ' என்பது அதன் சுருக்கப் பெயர். ஆண்டுதோறும் மாநாடு கூட்டும், தீர்மானம் போடும், கலையும். ஆடம்பரமில்லை, ஆர்ப்பரிப்பில்லை. ஆகவே நாடாள்வோர் திரும்பிப் பார்ப்பதுமில்லை.

பார்த்திருக்க வேண்டும்! பார்க்காததன் விலை என்ன என்பதை இன்று அந்நாட்டு அரசின் தணிக்கைக் கணக்கே பேசுகிறது.

2013-ஆம் ஆண்டு. நீதித்துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங் ஒரு திட்டத்தோடு வந்தார். நன்னடத்தைப் பணியைப் பிளப்பது. பெரும்பகுதியைத் தனியாரிடம் ஒப்படைப்பது. மீண்டும் குற்றம் நிகழாவிடில் கூடுதல் பணம் தருவது. சங்கம் எதிர்த்தது. பணியைப் பிளந்தால் பாதுகாப்புப் பிளக்கும் என்று எச்சரித்தது. அந்த ஆண்டு நவம்பரிலும், 2014 மார்ச்சு இறுதியிலும் வேலைநிறுத்தம் செய்தது.

சங்கம் என்றாலே சம்பளம் என்று மட்டும் எண்ணிப் பழகிய சீமான்கள் சிரித்தனர். வேலை போய்விடுமே என்ற அச்சத்தில் ஊழியர்கள் அலறுகின்றனர் என்றனர். அந்த அலறலில் நாட்டின் நலன் அடங்கியிருந்ததை அவர்கள் அறியவில்லை, அறிய விரும்பவுமில்லை.

தோழரே, இந்தப் பணி எப்படிப் பிறந்தது தெரியுமா? 1876-இல் பிரடரிக் ரெய்னர் என்ற அச்சுத் தொழிலாளி, மதுவிலக்குக்குப் பாடுபட்ட ஒரு சங்கத்திற்குக் கடிதம் எழுதினார். குடியால் நீதிமன்றப் படியேறும் ஏழைகள் திரும்பத் திரும்ப வீழ்கின்றனரே, அவர்களைத் தூக்கிவிட எவருமில்லையா என்பது அவர் கவலை. கடிதத்தோடு ஐந்து ஷில்லிங்கும் அனுப்பினார். அந்த ஐந்து ஷில்லிங் விதையிலிருந்து முளைத்தது இந்த மரம்! 1907-இல் சட்டம் வந்தது. அலுவலரின் கடமையை மூன்றே சொற்களில் வகுத்தது: அறிவுரை கூறுக, உதவுக, நண்பனாயிருக்க! அந்த மரபின் கிளையொன்று நம் மண்ணிலும் ஊன்றியது. 1936-இல் சென்னை மாகாணத்தில் நன்னடத்தைச் சட்டம் பிறந்தது. 1958-இல் இந்திய நாடாளுமன்றமும் இயற்றியது.

நண்பனாயிரு என்று ஆணையிட்ட சட்டம்! அந்த நட்பைத்தான் ஒப்பந்தப்புள்ளி கோரி விற்கத் துணிந்தனர். வள்ளுவர் நட்புக்கென அதிகாரங்கள் வகுத்தார், விலைப்பட்டியல் வகுத்தாரில்லை!

நோயுற்ற அமைப்புக்கு மருந்து கொடுத்தார்கள் என்றால்கூட ஒப்பலாம். நோய் எங்கே இருந்தது? அன்றிருந்த 35 நன்னடத்தைப் பொது அமைப்புகளும் அரசின் சொந்த மதிப்பீட்டிலேயே 'நன்று', 'மிக நன்று' எனத் தேறியவை. சோதனை முயற்சி செய்து பார்த்தனரா? தொடங்கியதையும் முடிக்காமலே கைவிட்டனர். 2014 சூன் முதல் நாள் 35 அமைப்புகளும் கலைக்கப்பட்டன. கொடிய ஆபத்துள்ளோர் அரசுக்கு. மற்றவர் 21 கம்பெனிகளுக்கு. மனிதனின் ஆபத்து என்ன, கல்லில் வெட்டிய எழுத்தா? இன்று அடங்கியிருப்பவன் வேலையிழந்து, குடித்து, நாளை கத்தி எடுப்பான். அவன் மாறுவதை அருகிருந்து கண்டவர் ஒருவர். அவனை இனி ஏற்க வேண்டியவர் வேறொரு நிறுவனத்தில் வேறொருவர்!

2015 பிப்ரவரியில் 21 கம்பெனிகளும் எட்டு உரிமையாளர் கைக்குப் போயின. விடுதிக்கும் அலுவலகத்திற்கும் உணவு பரிமாறிப் பெயர்பெற்ற சொடெக்சோவிற்கு ஆறு; கட்டடத் தொழிலில் வளர்ந்த இன்டர்சர்வ் தலைமையிலான குழுவிற்கு ஐந்து. சோறு பரிமாறுவது இழிவன்று; கட்டடம் கட்டுவதும் இழிவன்று. ஆனால் வீழ்ந்த மனத்தை எழுப்புவது வேறு கலையன்றோ?

நாடக மேடையில் வைத்தால் நம்பமாட்டீர்கள், இப்படியும் ஒரு காட்சி நடந்தது. கம்பெனிகளைக் கண்காணிக்க வேண்டிய தலைமை ஆய்வாளரின் மனைவியே, ஆறு கம்பெனிகளைப் பெற்ற நிறுவனத்தின் உயர் அதிகாரி! அவர் தவறிழைத்தார் என்று எவரும் கூறவில்லை. ஆயினும் 2015 பிப்ரவரியில் பதவி விலக நேர்ந்தது. ஏலம் விடுமுன் இதைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை அரசு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் கேட்போம். ஓராண்டுக்குக் குறைவான தண்டனை பெற்றோர் முன்பு 46 பவுனோடு சிறைவாசலில் விடப்பட்டனர். அவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 பேரை நாங்கள்தாம் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தோம் என்பர். நல்ல நோக்கம், மறுக்கவில்லை. அதற்கு ஏலம் எதற்கு? இருந்த அமைப்புகளுக்கே ஆளும் பொருளும் தந்திருக்கலாமே! கொண்டுவந்த பின் செய்ததுதான் என்ன? சிறைவாசலிலேயே வரவேற்று வழிகாட்டுவோம் என்றார்கள். 2017-இல் ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு, அந்தச் சேவையை நாளையே நிறுத்தினாலும் பெரிய வேறுபாடு தெரியாது என்று எழுதிவைத்தனர். ஆறு வாரத்திற்கொரு முறை தொலைபேசியில் பேசுவதே மேற்பார்வை என ஆனதையும், ஓர் அலுவலர் தலையில் 200 பேருக்கு மேல் சுமத்தப்பட்டதையும் அதே ஆண்டு கண்டனர்.

அதனினும் கொடுமை 2019 பிப்ரவரியில் வெளிப்பட்டது. 'வொர்க்கிங் லிங்க்ஸ்' நடத்திய கம்பெனியொன்றில், இலக்கை எட்டிக் காட்டுவதற்காக, ஆளைச் சந்திக்காமலே அவனுக்கான திருத்தத் திட்டத்தை எழுதி முடித்திருந்தனர். முகம் பாராமல் மருந்தெழுதும் மருத்துவன்! அறிக்கை வெளிவந்த அதே வேளையில் நிறுவனமும் நொடித்தது. அடுத்த மாதம் இன்டர்சர்வ் சரிந்தது.

மீண்டும் குற்றம் புரிந்தோரின் விகிதம் 2.5 புள்ளி குறைந்ததே என்பர். உண்மை. ஆனால் அப்படிப் புரிந்தவர் ஒவ்வொருவரும் செய்த குற்றங்களின் சராசரி எண்ணிக்கை 22 விழுக்காடு உயர்ந்தது. சொன்னது தேசியத் தணிக்கை அலுவலகம், 2019 மார்ச்சில். ஒப்பந்தங்களைத் தாங்கி நிறுத்த, தரவேண்டியதற்கு மேல் 46 கோடியே 70 இலட்சம் பவுன் அரசுப் பணம் இறைக்கப்படும் என்றும் அதுவே கணக்கிட்டது. அப்போதைய தலைமை ஆய்வாளர் கிளெனிஸ் ஸ்டேசி, திருத்தவே இயலாத பழுதுடையது இந்த அமைப்பு என்று தீர்ப்பளித்தார். சங்கம் 2013-இல் சொன்னதை, அரசின் ஆய்வாளர் 2019-இல் சொன்னார். இடையில் ஆறு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் திருட்டுக் கொடுத்த வீடுகளுக்கும் அடிபட்ட பெண்களுக்கும் எந்தக் கம்பெனி இழப்பீடு தரும்?

2021 சூன் 26-இல் பணி முழுவதும் அரசிடமே திரும்பியது. சங்கம் வென்றது. ஆனால் உடைத்த குடத்தை ஒட்டினாலும் கசிவு நிற்குமா? அனுபவமிக்கவர் பலர் வெளியேறிவிட்டனர். எஞ்சியோர் தலையில் சுமை மலையாய்க் குவிந்திருக்கிறது. குற்றவாளியின் காலில் பூட்டும் மின்னணுப் பட்டையைக் கவனியுங்கள். 2013-இல், இறந்துபோனவர் பெயரிலும் கட்டணம் வாங்கியதாக அம்பலமானது அந்த ஒப்பந்தம். ஜி4எஸ் ஏறத்தாழ 10 கோடியே 90 இலட்சம் பவுனும், செர்கோ 6 கோடியே 85 இலட்சம் பவுனும் திருப்பித் தந்தன. அதே செர்கோவிடம் 2024-இல் அதே பட்டைப் பணி மீண்டும் போனது. பட்டை பூட்டுவதில் தாமதம், தேக்கம், அபராதம்! வாசல் வழி வெளியேறியது சன்னல் வழி எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் வென்ற பிறகும் அந்தச் சங்கத்தின் மாநாட்டில் கவலை ஓயவில்லை.

தோழர்களே, செருப்பு விற்பவனுக்கு விற்றது எத்தனை என்று தெரியும். நன்னடத்தை அலுவலரின் வெற்றியோ, நடக்காமற்போன குற்றம். நடக்காததை எந்தத் தராசில் நிறுப்பது? நிறுக்க முடியாததை விலை பேசினால், நிறுக்க முடிந்த காகிதம் மட்டுமே பெருகும், மனிதன் கைவிடப்படுவான். அங்கே நடந்தது அதுதான்.

உங்கள் ஊரிலும் ஒரு நாள், துப்புரவுப் பணியாளரோ மருத்துவமனைச் செவிலியரோ சிறு கொட்டகையில் மாநாடு கூட்டி, எங்கள் பணியை விற்காதீர் என்று தீர்மானம் போடுவார்கள். கூலிக்காகக் கூவுகிறார்கள் என்று சிலர் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்காதீர்கள். உள்ளே சென்று உட்காருங்கள்; தீர்மானத்தை வரிவரியாகப் படியுங்கள். ஆறு ஆண்டு கழித்துத் தணிக்கையாளர் எழுதப்போகும் அறிக்கை, அந்தத் தாளிலேயே இருக்கக்கூடும்!