கிணற்றுக்குள் இறங்கிய இயந்திரம்

ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எங்கள் குடாநாட்டிலே இல்லை. கிணறே எமக்கு ஆறு. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீரிலேதான் விளைந்தன. முற்காலத்தில் விடியுமுன்னரே துலா ஏறுவர். ஒருவரோ இருவரோ துலாவில் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். கால் வழுவினால் உயிருக்கே ஆபத்து என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் பரவலாயிற்று. துலா மிதித்த கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. அதை நாம் குறை கூறமாட்டோம். துலா மிதித்தலின் அழகை வியப்போர் பெரும்பாலும் துலா மிதித்தவரல்லர்.

ஆனால் இந்த இயந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. வளிமண்டல அமுக்கமே நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகிறது. கணக்கின்படி அது 34 அடிக்கு மேற் செல்லாது. நடைமுறையில் 25 அடி ஏறினாலே பெரிது. கோடையில் நீர் கீழே போய்விட்டால் தோட்டக்காரர் என்ன செய்வார்? கிணற்றின் குறுக்கே பலகையிட்டு, இயந்திரத்தையே உள்ளே இறக்கிவிடுவார். கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்யும்போதும் இவ்வாறு செய்வோர் உண்டு.

இயந்திரப் புகையிலே காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான நாட்டத்துடன் அதைப் பற்றிக்கொள்ளும். இறங்கியவர் தலை சுற்றிச் சாய்கிறார். மேலே நின்ற தம்பி, "அண்ணை!" என்று அலறியபடி இறங்குகிறான். அவனும் சாய்கிறான். இத்தகைய செய்திகளிலே இறந்தவர் ஒருவராக இராமல் இருவர் மூவராக இருப்பது இதனாலேயே. காற்றோட்டமற்ற அடைப்பிடங்களில் இறந்தோருள் நூற்றுக்கு 60 பேருக்கு மேற்பட்டோர் காப்பாற்றச் சென்றவர்களே என 1986இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் ஒன்று எச்சரித்தது.

எங்கள் பாட்டியார் முதலில் விளக்கை இறக்கிப் பார்க்கச் சொல்வார். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. நல்ல அறிவுதான், ஒட்சிசன் குறைந்திருப்பதை விளக்குக் காட்டும். ஆயினும் காபனோரொட்சைட்டு மனிதனைக் கொல்லும் அளவில் நிறைந்திருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஸ்கொத்லாந்து விஞ்ஞானி ஹால்டேன் சுரங்கங்களுக்குக் கனேரிப் பறவையைக் கொண்டுபோகச் சொன்னது இதனாலேயே. பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை அப்பறவை மனிதருக்கு முன் மயங்கி விழுந்து உயிர் காத்தது.

இப்பொழுது பல தோட்டங்களில் மின்சாரப் பம்பி வந்துவிட்டது. மின்கம்பி எட்டாத தறைகளில் எண்ணெய் இயந்திரம் இன்னும் ஓடுகிறது. அது கிணற்றுக்கு வெளியே நிற்கட்டும். நீர் எட்டவில்லையானால் அன்று இறைப்பு வேண்டாம். வெங்காயம் வாடினால் வாடட்டும். இயந்திரம் உள்ளே ஓடிய கிணற்றில் எவரும் இறங்கலாகாது. வேறு வேலைக்காக இறங்குபவரும் இடுப்பிலே கயிறு கட்டியே இறங்க வேண்டும். மேலே இருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும். மயங்கினால் அவரை மேலிருந்தே இழுத்தெடுக்கலாம். பின்னால் ஒருவர் குதிக்க வேண்டியதில்லை.

இதை ஆண்கள் மறப்பார்கள். ஆகவே வீட்டுப் பெண்களிடமே சொல்லி வைக்கிறோம். காலையில் தேநீரைக் கையிற் கொடுக்கும்போது ஒரு சொல் கேட்டால் போதும்: "கயிறு எடுத்தனீங்களோ?"