சம்பளம் எந்தக் கரையிலிருந்து வருகிறது?

மால்டாவில் குடியேற நினைப்பவர்கள் முதலில் தேடுவது விலைப்பட்டியலைத்தான். பட்டியல் பார்க்க நன்றாகவே இருக்கும். ரிகோட்டா பாலாடைக்கட்டியோ பட்டாணியோ வைத்துச் சுட்ட பாஸ்டிட்ஸி சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. பெட்ரோலை லிட்டர் 1.34 யூரோவில் அரசு பிடித்து வைத்திருந்ததால் எதிர்க்கரை சிசிலியைவிட அது மலிவாக இருந்தது. குடியிருப்பவர்களுக்கு அட்டை இருந்தால், 2022 அக்டோபர் முதல் பேருந்தில் கட்டணமே கிடையாது. இதையெல்லாம் கூட்டி, மத்திய தரைக்கடலில் கைக்கு அடக்கமான தீவு இது என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் வாடகை சரியாக ஏறுவதில்லை. சம்பளம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்ற கேள்வியோ அதில் வருவதே இல்லை.

மால்டாவின் பரப்பளவு 316 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்த வெளிநாட்டவர் 20,289 பேர்; 2021-இல் 1,15,449 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல். இவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்குவதுதான் முதல் பிழை. லண்டன் நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை பார்ப்பவரும் இதில் அடக்கம். மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் இந்தியரும் அடக்கம். முன்னவர், வெளிநாட்டு வேலையை இங்கிருந்து பார்ப்பவருக்கான ‘நோமாட்’ அனுமதி பெற ஆண்டுக்கு 42,000 யூரோ வருமானம் காட்ட வேண்டும் என்பது 2024-இல் வந்த விதி. பின்னவருக்கான அளவுகோல் உள்ளூர் குறைந்தபட்ச ஊதியம்: 2025-இல் வாரத்துக்கு 221.78 யூரோ, ஆண்டுக்குச் சுமார் 11,500. வருமானத்தில் மூன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசமுள்ள இந்த இருவரும் ஒரே வீட்டுச் சந்தையில்தான் போட்டி போடுகிறார்கள். ஸ்லீமா நகரில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 1,000 யூரோ கேட்பது இன்று சர்வசாதாரணம். முன்னவருக்கு அது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. பின்னவருக்கோ மாதச் சம்பளம் முழுவதும் கொடுத்தாலும் போதாது.

இந்த ஏற்றத்தாழ்வைச் சந்தையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வசதியான வெளிநாட்டவருக்கான குளோபல் ரெசிடென்ஸ் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வருமானத்தில் மால்டாவுக்குக் கொண்டுவரும் தொகைக்கு 15 சதவீத வரி, குறைந்தது 15,000 யூரோ. அதோடு, சொந்தமாக வீடு வாங்காதவர் ஆண்டுக்குக் குறைந்தது 9,600 யூரோ வாடகை கொடுக்க வேண்டும். கோஸோ தீவிலும் மால்டாவின் தெற்கிலும் 8,750. வாடகைக்கு உச்சவரம்பு கேட்டு வாடகைதாரர்கள் குரல் கொடுப்பதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இங்கே அரசே அடிவரம்பு வைத்திருக்கிறது. கோஸோவும் தெற்கும் தவிர்த்த இடங்களில் மாதம் 800 யூரோவுக்குக் குறைந்த வீட்டைத் தேடிப் பிடித்தவர், இந்தத் திட்டத்தின் கண்ணில் தகுதி இல்லாதவர்.

மின்கட்டணச் சீட்டிலும் இதே கதைதான். குடியிருப்பு விகிதத்தில் முதல் 2,000 யூனிட்டுக்கு யூனிட் 10.47 சென்ட், அவ்வப்போது வந்து தங்கும் இரண்டாவது வீட்டுக்கென வைத்த விகிதத்தில் 13.65 சென்ட். வீட்டில் எத்தனை பேர் என்பது முறையாகப் பதிவாகியிருந்தால்தான் முதல் விகிதம். பதிவு இல்லாத வாடகை வீட்டில் மூன்று பேர் ஆண்டு முழுதும் சமைத்துத் துவைத்து வாழ்ந்தாலும், சீட்டைப் பொறுத்தவரை அது யாரோ ஒருவரின் கோடை வீடு. மூன்று சென்ட் சொற்பம்தானே என்று தோன்றலாம். அந்தச் சொற்பத்தை அதிகமாகக் கொடுப்பவர் யார் என்பதுதான் விஷயம்.

அரசுத் தரப்புக்கும் பதில் இருக்கிறது: விலைவாசி ஏறினால் எல்லாத் தொழிலாளருக்கும் ஒரே அளவு அகவிலைப்படி ஏறுகிறது, 2024-இல் வாரம் 12.81 யூரோ கொடுத்தோமே என்பார்கள். உண்மைதான், குறைந்த சம்பளக்காரருக்கு இந்தச் சமமான தொகை சதவீதத்தில் கூடுதலும்கூட. ஆனால் அந்தப் படியைத் தீர்மானிக்கும் சில்லறை விலைக் குறியீடு சராசரிக் குடும்பத்தின் செலவை அளக்கிறது. மால்டாக்காரர்களில் பெரும்பாலோர் சொந்த வீட்டில் இருப்பவர்கள். அதனால் குறியீட்டில் வாடகைக்குக் கிடைக்கும் இடம் சின்னது. சம்பளத்தில் பாதியை வாடகைக்கு எண்ணிவைப்பவரின் சுமை அதில் தெரியாது. எரிபொருள், மின்சார மானியமும் அப்படித்தான். கார் வைத்து, மூன்று அறையிலும் ஏசி ஓட்டுபவருக்குத்தான் அதில் பெரிய பங்கு.

இன்னொரு வாதத்தை அப்படி ஒதுக்க முடியாது. வெளிநாட்டுப் பணமும் ஆட்களும் இல்லாவிட்டால் இந்தத் தீவு இப்போதைய நிலைக்கு வந்திருக்காது. இணையச் சூதாட்ட நிறுவனங்கள் வந்தன, வேலையில்லாத் திண்டாட்டம் மிகக் குறைந்தது, வீடு வைத்திருந்த உள்ளூர்க் குடும்பங்கள் செழித்தன. மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செழிப்பு வாடகையாகத்தான் கைமாறுகிறது. அடியில் இருப்பவரிடமிருந்து வீட்டுக்காரரிடம் போகிறது. பரம்பரை வீடு எதுவும் வராத மால்டா இளைஞரும் இந்த வரிசையில் உணவு கொண்டுபோகும் அந்த இந்தியருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்.

யூரோ சம்பளத்தை நூறால் பெருக்கி ரூபாயாக்கி மகிழ்பவர்கள், வாடகையையும் அதே நூறால் பெருக்கிப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் அந்தக் கணக்கைச் சரிக்கட்டியது ஓர் அறையில் நாலு பேர், ஐந்து பேர் நெருக்கிப் படுத்த ஏற்பாடுதான். அதைத் தடுக்க 2024-இல் படுக்கையறை எண்ணிக்கையை வைத்து வரம்பு கட்டினார்கள். நியாயமான சட்டம், அக்கம்பக்கத்தாரின் புகாரிலும் நியாயம் இருந்தது. ஆனால் நான்கு பேர் பங்கிட்ட வாடகையை இனி இரண்டு பேர் கொடுக்க வேண்டும். சம்பளம் என்னவோ அதே குறைந்தபட்ச ஊதியம்தான்.