காதைப் பொத்தும் பிள்ளையைப் பள்ளிவாசலிலிருந்து விரட்டாதீர்!

 

ஜும்ஆ நாளில் ஒலிபெருக்கி முழங்கியதும் ஒரு சிறுவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறுகிறான். "பிள்ளையை வளர்த்த லட்சணமா இது?" என்கிறார் ஒருவர். "பாங்கு கேட்டால் ஷைத்தான்தான் ஓடுவான், இவனிடம் ஏதோ இருக்கிறது, ஓதிப் பாருங்கள்" என்கிறார் மற்றொருவர். தந்தை தலைகுனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார். அடுத்த வாரம் அவரைப் பள்ளியில் காண முடிவதில்லை.

இவ்விரு பேச்சுகளும் அநியாயமானவை. அறியாமையால் இழைக்கப்பட்டாலும் அநியாயம் அநியாயமே.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமையும் வேறுபாடு. 1943இல் லியோ கன்னர் எனும் மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, பேரொலிகள் அவர்களை நடுங்கச் செய்ததைக் குறிப்பிட்டார். பின்னர் மேலைநாட்டு அறிஞர்கள் சிலர், தாயின் பாசக் குறைவே காரணம் என்று பழி சுமத்தினர். 1977இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு, இதில் மரபணுவுக்குப் பெரும் பங்குண்டு எனக் காட்டியது. அவர்கள் கைவிட்ட பழியை நாம் ஏன் இன்னும் நம் தாய்மார்கள் மீது சுமத்துகிறோம்?

மூளையின் பகுதிகள் நரம்பிழைகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஆட்டிசம் உள்ளவர்களிடம் சில இணைப்புகள் குறைந்தும் சில மிகுந்தும் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. எல்லோரிடமும் அது ஒரே வடிவில் இருப்பதில்லை. மின்விசிறியின் இரைச்சல் சற்று நேரத்தில் நம் செவிக்குப் பழகிவிடுகிறது. இப்பிள்ளைகளில் பலருக்கு அது பழகுவதில்லை. இரைச்சலும் உறுத்தும் துணியும் சேரும்போது, அச்சத்தை உணர்த்தும் மூளைப்பகுதி அவர்களுள் சிலரிடம் அடங்காமல் தொடர்ந்து எழும்புவதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே அந்த அலறல் அடங்காமையுமன்று, ஜின்னின் வேலையுமன்று, அது வலி.

நானும் இக்குற்றத்திலிருந்து நீங்கியவனல்லன். பிள்ளைகள் அனைவரும் உரத்து ஓதும் என் வகுப்பில் ஒரு மாணவன் காதைப் பொத்தினான். குர்ஆனை அவமதிக்கிறான் எனக் கருதிப் பிரம்பைக் காட்டினேன். பின்னொரு நாள் அவனைத் தனியே அமர்த்தி, மின்விசிறியை நிறுத்தி, தணிந்த குரலில் ஓதிக்கொடுத்தேன். காதிலிருந்து கையை எடுத்தான். அவன் வெறுத்தது வேதத்தையன்று, என் வகுப்பின் கூச்சலையே என்று அன்றுதான் உணர்ந்தேன்.

"பள்ளிவாசலின் கண்ணியம் என்னாவது? தொழுகையின் உள்ளச்சம் கெடாதா?" என்று கேட்பீர்கள். தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தாயை வெளியேற்றவில்லை, தொழுகையைச் சுருக்கினார்கள். பள்ளியினுள் சிறுநீர் கழித்த கிராமவாசியின் மீது பாய முனைந்த தோழர்களையே தடுத்தார்கள். அந்தக் கண்ணியத்தை விடவா நம்முடைய கண்ணியம் பெரிது?

பிள்ளைக்காக ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 'ஜின் பிடித்தவன்' எனப் பெயர் சூட்டி, தாயத்துக்கும் தகட்டுக்கும் அலைந்து, பயிற்சிக்குரிய ஆண்டுகளை வீணாக்குவது எந்த மார்க்கம்? மருத்துவம் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்களே!

ஜமாஅத் நிர்வாகிகளே! உள்பள்ளியின் ஒலிபெருக்கியைத் தணியுங்கள். குரலைத் தாழ்த்துமாறு லுக்மான் (அலை) தம் மகனுக்கு அறிவுறுத்தியதைக் குர்ஆனில் ஓதுபவர்கள்தாமே நாம்? கடைசி சஃப்பின் ஓரத்தில் தந்தைக்கும் பிள்ளைக்கும் இடம் ஒதுக்குங்கள். காதுக்கவசம் அணிந்து வந்தால் முறைக்காதீர்கள். உஸ்தாதுமார்களே! பிரம்பைக் கீழே வையுங்கள்.

பார்வையற்ற தோழர் ஒருவர் வந்தபோது முகம் திருப்பியதற்காக 'அபஸ' அத்தியாயத்தை இறக்கிக் கண்டித்தவன் அல்லாஹ். இப்பிள்ளைகளிடம் நாம் முகம் திருப்புவதையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நம் குறையை உணர்ந்து திருந்தும் தவ்ஃபீக்கை அவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.