நெளிந்த ரிம்மும் சுத்தியலும்

இமாசலப் பிரதேசத்தில் கிராம்பூவிலிருந்து குன்சும் கணவாய் வழியாகக் காஜா போகும் பாதையில் ஜீப் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: பாறை முதலில் பதம் பார்ப்பது ரிம்மின் விளிம்பைத்தான். ஊர் திரும்பியதும் ஆசை வரும். வீட்டிலேயே நிமிர்த்திவிட்டால் என்ன?

எஃகு ரிம்மாக இருந்து, விளிம்பு மட்டும் நெளிந்திருந்தால் செய்யலாம். காற்றை முழுக்க இறக்கி, டயரைப் பிரித்துவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. டயரோடு ரிம்மைச் சூடாக்கினால், காற்று இறக்கியிருந்தாலும் வெடிக்கலாம், ஆளையே கொல்லும். விளிம்பு நெளிவுக்குச் சூடே தேவையில்லை. ரிம்மைப் பழைய டயர் மேல் கிடத்தி, உள்ளே நெளிந்த இடத்தில் உட்புறமிருந்து கடினமான மரக்கட்டையை அணைகொடுத்து, 2 கிலோ சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்ன அடிகள். ஓங்கி ஒரே போடு போட்டால் வேறு பக்கம் கோணிக்கொள்ளும்.

பிறகு சக்கரத்தை வண்டியில் மாட்டி, ஜாக்கியில் தூக்கிச் சுழற்றுங்கள். விளிம்பருகே ஒரு கம்பியை அசையாமல் நிறுத்தினால் மிச்சமுள்ள கோணல் கண்ணுக்குத் தெரியும். டியூப்லெஸ் டயரை மாட்டியபின் சோப்புத் தண்ணீர் விடுங்கள். கசிவிருந்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

அலாய் ரிம் வேறு ரகம். 2020இல் வந்த மஹிந்திரா தாரின் உயர்வகைகளில் 18 அங்குலத்தில் இருப்பது இதுதான். அலுமினியக் கலவை எஃகைப்போல வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். சூடாக்கினால் சிவக்காமலே உருகும். அதற்கு வெகு முன்பே ஆலையில் ஏற்றிய வலு போய்விடும். சில பட்டறைகளில் விரிசலுக்கு வெல்டிங் வைத்து, பெயின்டும் அடித்துத் தருகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

எஃகிலும் நட்டுத் துளைகளைச் சுற்றி விரிசல் கண்டால் காயலான் கடைதான்.