ஹாக்கி மட்டைக்கு ஆள் இருக்கு... பேனாவுக்கு?

அரியலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம், அந்தச் சுரங்கங்களில் கிடைக்கும் கடல்வாழ் உயிரினங்களின் படிமங்கள். கொஞ்சம் வயதானவர்கள் 1956 ரயில் விபத்தைச் சொல்வார்கள். ஹாக்கி என்று யாராவது சொல்வார்களா? சந்தேகம்தான்.

ஆனால் இதைக் கேளுங்கள். 2022 மே 23, ஜகார்த்தா. ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம். எதிரே பாகிஸ்தான்! இந்திய சீனியர் அணிக்காக அன்றுதான் முதன்முதலாகக் களம் இறங்கிய ஓர் இளைஞர், ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே கோல் அடித்தார். பெயர் கார்த்தி செல்வம். ஊர், அதே அரியலூர். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தேறியவர். பாகிஸ்தான் கடைசி நேரத்தில் சமன் செய்துவிட்டதால் ஆட்டம் 1-1 என முடிந்தது.

அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டில், சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. அரையிறுதியில் ஜப்பானை இந்தியா 5-0 என்று வென்றது. அந்த ஐந்தில் ஒரு கோல் கார்த்தியுடையது. இறுதிப் போட்டியில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, 4-3 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

சரி, இப்போது ஒரு கேள்வி. கார்த்தி எப்படி ஆடுவார்? பந்து இல்லாத நேரத்தில் எங்கே போய் நிற்பார்? எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் அவரை எப்படி மடக்கப் பார்த்தார்கள், அவர் எப்படித் தப்பினார்? தமிழில் இதை எழுதிய ஒரு கட்டுரையைத் தேடிப் பாருங்கள். "எளிய குடும்பத்தில் பிறந்து சாதித்தார்" என்ற ரகத்தில் நிறைய கிடைக்கும். அதுவும் தேவைதான், தப்பில்லை. ஆனால் ஒரு வீரரின் வீட்டைப் பற்றி எழுதுகிற அளவுக்கு அவருடைய விளையாட்டைப் பற்றி எழுதுவதில்லையே, ஏன்?

தமிழ்நாட்டு ஹாக்கியில் குறைவது ஆட்டக்காரர்கள் மட்டும் அல்ல. ஆட்டத்தை விடாமல் பார்த்து, புரிந்துகொண்டு, தமிழில் எழுதுகிற ரசிகர்களும் குறைவு. இரண்டாவது குறையைச் சரி செய்யாமல் முதல் குறை தீராது.

கிரிக்கெட் மட்டும் எப்படி?

கிரிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் இன்றைக்கு இருக்கிற பணம் வருவதற்கு முன்பே கிரிக்கெட் தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்டது. எப்படி? வானொலி வழியாக. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் நேர்முக வர்ணனை செய்தார்கள். டீக்கடை வாசலில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. கிரிக்கெட்டைப் பற்றிப் பேசத் தமிழில் ஒரு பேச்சு உண்டானது. பேச்சு உண்டானால் வாதம் உண்டாகும், வாதம் உண்டானால் ரசிகன் உண்டாவான்.

ஹாக்கிக்கு அந்த அளவுக்குப் பேச்சு உண்டாகவில்லை. பெனால்டி கார்னர் என்றால் என்ன, ட்ராக் பிளிக் ஏன் அவ்வளவு ஆபத்தானது, பச்சை அட்டைக்கும் மஞ்சள் அட்டைக்கும் என்ன வித்தியாசம்? பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடியவர்களைத் தவிர எத்தனை பேர் சட்டென்று சொல்வார்கள்? புரியாத ஆட்டத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

ஸ்கோர் மட்டும் போதுமா?

"அதான் ஸ்கோர் வந்துடுதே" என்று சிலர் கேட்கலாம். அதற்கும் அதே 2022 ஆசியக் கோப்பையிலேயே பதில் இருக்கிறது.

மே 26. இந்தியா 16, இந்தோனேசியா 0. செய்தித்தாளில் இந்த ஒரு வரியைப் படித்தால் என்ன தோன்றும்? பலமான அணி சின்ன அணியை அடித்துத் துவைத்துவிட்டது, அவ்வளவுதான்.

உண்மையில் அன்று நடந்தது ஒரு த்ரில்லர்! அடுத்த சுற்றுக்குப் போக வேண்டுமானால் இந்தியா குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டும். அன்றே முன்னதாக நடந்த ஆட்டத்தில் பாகிஸ்தான் ஜப்பானிடம் 2-3 என்று தோற்றிருந்தது. அந்த ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு 11 பேருக்குப் பதில் 12 பேர் களத்தில் நின்றதால் அவர்கள் போட்ட ஒரு கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கோல் நின்றிருந்தால் கதையே வேறு. இந்தியாவின் 15-வது கோல் விழும்வரை பாகிஸ்தான் போட்டியில் இருந்தது. விழுந்ததும் வெளியே போனது. கூடவே 2023 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் போனது. நான்கு முறை உலகக் கோப்பை வென்ற அணி அது! அன்றைய கோல் பட்டியலிலும் அரியலூர்க்காரரின் பெயர் உண்டு.

16-0 என்ற எண்ணுக்குள் இவ்வளவும் இருக்கிறது. ஆனால் எண் தானாகப் பேசாது. யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்றது. தியான் சந்த் அன்று எத்தனை கோல் அடித்தார்? சிலர் 3 என்கிறார்கள், சிலர் 6 என்கிறார்கள். உலகமே கொண்டாடும் வீரர், ஒலிம்பிக் இறுதிப் போட்டி... இதற்கே இந்தக் கதி என்றால், மாவட்ட அளவில் ஆடிய ஆட்டங்களின் நிலை என்ன? என்ன கொடுமை பாருங்கள்!

பதிவு இல்லாத இடத்தில் கட்டுக்கதை வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹிட்லர் தியான் சந்தைக் கூப்பிட்டு ராணுவப் பதவி தருவதாகச் சொன்னார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடையாது. "ஹாக்கி நம் தேசிய விளையாட்டு" என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டு என்று அறிவிக்கவில்லை என மத்திய விளையாட்டு அமைச்சகம் பதில் சொன்னது. இல்லாத பட்டத்தை இத்தனை வருடம் சுமந்தோம். இருக்கிற சாதனைகளை எழுதி வைக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1980 மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியபோது கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன். இந்தியா இதுவரை வென்ற ஒரே உலகக் கோப்பை, 1975 கோலாலம்பூரில். அந்த அணியில் இருந்தவர் வி. ஜே. பிலிப்ஸ். 1968, 1972 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வென்ற அணிகளில் ஆடியவர் கிருஷ்ணமூர்த்தி பெருமாள். இந்த மூன்று பேரில் எத்தனை பேரை உங்கள் வகுப்பில் தெரியும்? கேட்டுப் பாருங்கள். தெரியாதது மாணவர்களின் குற்றம் இல்லை. அவர்கள் கையில் படிக்க ஒன்றும் கொடுக்கப்படவில்லை.

எழுதியவர்களும் உண்டு

தியான் சந்தின் சுயசரிதை "கோல்" 1952-ல் வந்தது. அதை வெளியிட்டது எந்த ஊர் தெரியுமா? சென்னை! "ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்" பத்திரிகைதான் அதை வெளியிட்டது. ஆக, ஹாக்கி எழுத்தும் தமிழ்நாடும் அந்நியர்கள் அல்ல. "தி இந்து" நாளிதழில் எஸ். தியாகராஜன் நெடுங்காலம் ஹாக்கி எழுதினார்.

இன்னொருவர் கே. ஆறுமுகம். தொழிலால் நீரியல் வல்லுநர். அதாவது ஆறு, மழை, நிலத்தடி நீர் என்று கணக்குப் போடுகிற வேலை. ஆனால் மனசு முழுக்க ஹாக்கி. பத்திரிகை வேலையில் சேர்ந்து எழுத வந்தவர் இல்லை. ரசிகராக இருந்து எழுத வந்தவர். ஹாக்கிக்கென்றே "ஸ்டிக் டு ஹாக்கி" என்ற இணையதளம் தொடங்கினார். புள்ளிவிவரங்களைச் சேர்த்தார், பழைய வீரர்களைப் பற்றி எழுதினார். குலு எசக்கியேலுடன் சேர்ந்து "கிரேட் இந்தியன் ஒலிம்பியன்ஸ்" என்ற புத்தகத்தையும் எழுதினார். அத்தோடு நிற்கவில்லை. "ஒன் தௌசண்ட் ஹாக்கி லெக்ஸ்" என்ற அமைப்பின் மூலம் அரசுப் பள்ளிக் குழந்தைகள் கையில் மட்டையைக் கொடுக்கவும் போனார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுத்து அவரை மைதானத்திலிருந்து தள்ளி வைக்கவில்லை. இன்னும் உள்ளே இழுத்துப் போனது. ஒரு விளையாட்டைப் பற்றி விடாமல் எழுதுபவனுக்கு ஒரு கட்டத்தில் அது எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் மேலே சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில்! அது அவர்கள் குறை அல்ல. இந்தியா முழுக்கப் படிக்க வேண்டும் என்றால் அந்த மொழிதான் வழி. இருந்தாலும் அரியலூரில் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு அது எட்டுமா? மட்டையைப் பிடிக்கப் போகிற பிள்ளை படிக்கிற மொழியில் அல்லவா ஹாக்கி இருக்க வேண்டும்?

வீடியோ இருக்கும்போது எழுத்து எதற்கு?

நியாயமான கேள்வி. கோலை வீடியோ காட்டும். கோல் ஏன் விழுந்தது என்பதை எழுத்துதான் நிதானமாகச் சொல்லும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி நடந்தது. இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. புல்லில் பந்தை ஒட்டிக்கொண்டே போகிற நளினம் நம் பலம். செயற்கைத் தரையிலோ பந்து வேகமாக ஓடியது, ஓட்டமும் உடல் வலுவும் முன்னுக்கு வந்தன. அந்தத் தரையைப் போட ஐரோப்பாவிடம் பணம் இருந்தது. இந்தியாவில் அது ஊர் ஊராக வர வருடங்கள் பிடித்தன. இந்த வீழ்ச்சியை எந்த ஒரு கோல் வீடியோவும் விளக்காது.

"யார் படிப்பார்கள்?" என்பது அடுத்த கேள்வி. கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டியைப் பார்க்க வருகிற கூட்டம் படிக்கும். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள்! அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த இந்திய இளைஞர்கள் கடைசிக் கட்டத்தில் 4 கோல் போட்டு வெண்கலம் வாங்கினார்கள். அதைப் பார்த்தவர்கள் படிப்பார்கள். ஆள் இல்லை என்பது சரியல்ல. சரக்கு இல்லை என்பதுதான் சரி.

ரசிகன் எழுதினால் ஜால்ரா ஆகிவிடாதா?

ஆகலாம். ரசிகனின் எழுத்துக்கு இருக்கிற பெரிய ஆபத்து இதுதான். ஜெயித்தால் தலையில் தூக்கி வைப்பது, தோற்றால் நடுவரைத் திட்டுவது. ஆனால் உண்மையான ரசிகன் கூசாமல் கேள்வி கேட்பான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்திய ஆண்கள் அணி தகுதியே பெறவில்லை. அப்போது கோபப்பட்டு எழுதியவர்கள்தான் ஹாக்கியை நேசித்தவர்கள். 2021-ல் டோக்கியோவிலும் 2024-ல் பாரிஸிலும் வெண்கலம் வந்தபோது கைதட்டிய அதே ரசிகன், "அந்த இரண்டு அணியிலும் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் கூட இல்லையே, ஏன்?" என்றும் கேட்க வேண்டும். மண் தரையில் பழகிய பிள்ளை செயற்கைத் தரைக்கு எந்த வயதில் போகிறான், அதற்குள் எத்தனை பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று மாவட்டம் மாவட்டமாக விசாரித்து எழுத வேண்டும். புகழ்ந்து எழுத ஒரு நாள் போதும். இதை எழுத வாழ்நாள் பிடிக்கும். வாழ்நாள் முழுக்க ஒரு விளையாட்டின் மேல் பைத்தியமாக இருப்பவனால்தான் அது முடியும்.

இதற்குப் பெரிய படிப்போ பதவியோ தேவையில்லை. உங்கள் ஊரில் பள்ளிகளுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டி நடந்தால் ஒரு நோட்டுடன் போங்கள். ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதியா, நேரம் குறைத்து நடத்துகிறார்களா என்று கவனியுங்கள். யார் எந்த இடத்தில் ஆடினார்கள், எந்த நிமிடத்தில் கோல் விழுந்தது, எத்தனை பெனால்டி கார்னர் கிடைத்தது, எத்தனை வீணானது என்று குறியுங்கள். வீட்டுக்கு வந்து தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் பக்கம் சுமாராகத்தான் இருக்கும். பரவாயில்லை. பத்தாவது பக்கத்தில் ஆட்டம் உங்களுக்குப் புரிய ஆரம்பிக்கும். நூறாவது பக்கத்தில் அந்த மாவட்டத்து ஹாக்கி வரலாறு உங்கள் நோட்டில்தான் இருக்கும்.

அரியலூரிலிருந்து அடுத்த ஆட்டக்காரர் எப்படியும் வருவார். அவர் முதல் கோல் அடிக்கும்போது, அதை அவர் ஊர்க்காரர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஒருவராவது தயாராக இருக்க வேண்டாமா?