அவகாசம் கொடுங்கள், இரவுக்கும் ஒரு ஏற்பாடு கேளுங்கள்

“பொருள்: தீத்தடுப்பு ஏற்பாடுகளை முடிக்க மேலும் கால அவகாசம் வேண்டுதல் – தொடர்பாக.” சிதம்பரத்தில் தனியார் மருத்துவமனைகளின் அலுவலக மேசையிலேயே என் உத்தியோகக் காலம் கழிந்தது. இந்தத் தலைப்பில் எத்தனையோ கடிதங்களை டைப் அடித்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வந்திருக்கிறேன். அந்தக் கடிதங்களில் பொய் இருக்காது. கான்ட்ராக்டரின் எஸ்டிமேட் இருக்கும். தண்ணீர்த் தொட்டி கட்ட இடமில்லாத கதை இருக்கும். வேலை முடியும் தேதி இருக்கும். அந்தத் தேதி வரும்வரை மாடியில் படுத்திருக்கும் நோயாளியை ராத்திரியில் யார் கீழே இறக்குவார்கள் என்ற வரி மட்டும் இருக்காது. கடிதத்தை வாங்கிக்கொள்கிற மேசையிலும் அதை யாரும் கேட்டதில்லை.

அவகாசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேரோடும் நான்கு வீதிகளையும் அவற்றிலிருந்து பிரியும் தெருக்களையும் பார்த்தவர்களுக்கு எங்கள் கஷ்டம் தெரியும். எனக்குத் தெரிந்த சிறு மருத்துவமனைகளில் பல, வீடாகக் கட்டப்பட்டுப் பிறகு மருத்துவமனையானவை. தெருவில் ஆரம்பித்து கொல்லை வரை ஓடும் நீளமான மனை. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு மருத்துவமனை மாடிப்படிக்கு 2 மீட்டர் அகலம் கேட்கிறது. இங்கே இருப்பது மூன்றடிப் படி. அதை அகலப்படுத்த வேண்டுமானால் கட்டிடத்தையே இடிக்க வேண்டும். கட்டிடம் டாக்டருடையதாக இல்லாமல் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் பேச்சே இல்லை. அதற்காக எல்லாவற்றையும் பூட்டி சீல் வைத்துவிட்டால், புவனகிரியிலிருந்தும் கிள்ளையிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் நடுராத்திரியில் வலியோடு வருகிற பெண்ணுக்கு இருக்கிற இடங்களும் குறைந்துபோகும்.

ஆனால் அவகாசம் என்ற பெயரில் நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதை நாடு ஏற்கனவே பார்த்துவிட்டது. கொல்கத்தாவின் தாகுரியாவில் உள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அதிகாலையில் தீப்பிடித்தது. கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருட்களைப் போட்டு வைத்திருந்தார்கள். சில மாதங்களுக்கு முன்பே தீயணைப்புத் துறை அதைக் கண்டித்திருந்தது. அகற்றிவிடுவதாக நிர்வாகமும் எழுதிக் கொடுத்திருந்தது. அந்தத் தாள் கோப்பில் இருக்க, புகை ஏ.சி. குழாய்கள் வழியாக மேல்மாடிகளுக்கு ஏறியது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்களுக்குள் சுமார் 90 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

குஜராத்தில் நடந்தது இதைவிட நேரடியானது. 2020 ஆகஸ்டில் அகமதாபாத்தில் ஒரு கொரோனா மருத்துவமனையில் 8 பேர் இறந்தார்கள். நவம்பரில் ராஜ்கோட்டில் இன்னொன்று எரிந்தது. 2021 மே மாதம் பரூச்சில் 18 பேர் இறந்தார்கள், அவர்களில் இருவர் பணியில் இருந்த இளம் செவிலியர்கள். இத்தனைக்கும் பிறகு அந்த ஜூலையில், கட்டிட விதிமீறல்களைச் சரிசெய்ய மருத்துவமனைகளுக்குக் காலக்கெடுவை நீட்டித்து மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கேள்வி கேட்டு, ஆகஸ்டில் தடையும் விதித்தது. அந்தத் தடை சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அரசு கொடுத்தது வேலையை முடிப்பதற்கான நேரத்தை. அந்த நேரத்துக்குள் உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற மாற்று ஏற்பாடு என்ன என்பதுதான் கேள்வி.

நம் மாநிலத்திலேயே, திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 இரவு ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். ஒரு குழந்தையும் அதில் உண்டு. லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத்தான் வெளியே எடுத்தார்கள். அது எலும்பு முறிவுக்கான மருத்துவமனை. அப்படிப்பட்ட இடத்தில் மாடியில் இருப்பவர்கள் லிஃப்டை விட்டால் எப்படித்தான் இறங்குவார்கள்?

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைச் சோதித்துப் பார்த்தோம். ஒரு மத்தியான வேளையில் வார்டு பாயை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துப் படியில் இறக்கினோம். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் முட்டி நின்றுவிட்டது. செங்குத்தாக நிமிர்த்தினால்தான் திரும்பும். அடுத்து அவரைக் கனமான ஜமுக்காளத்தில் கிடத்தி நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினோம். அது இறங்கியது. ஆனால் அதற்கு நான்கு பேர் வேண்டும். அந்த மருத்துவமனையில் இரவு டியூட்டியில் இருந்தது ஒரு சிஸ்டர், ஒரு ஆயா, ஒரு வாட்ச்மேன். மாடியில் பிரசவமானவர்களும் ஆபரேஷன் ஆனவர்களும் படுத்திருந்தார்கள். கீழே, திருட்டுப் பயத்தால் இரவு பத்து மணிக்கு மேல் கொலாப்சிபிள் கேட்டைப் பூட்டி, சாவியை வாட்ச்மேன் இடுப்பில் வைத்துக்கொள்வார். அவர் டீ குடிக்கப் போகும்போது சாவியும் கூடவே போகும்.

அன்று நாங்கள் செய்த மாற்றங்களுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. இன்னொரு சாவியை சிஸ்டர் மேசையில் வைத்தோம். இரவுப் பணிக்கு ஒரு ஆளைக் கூட்டினோம். படிக்கட்டுக்கு அடியில் கிடந்த அட்டைப் பெட்டிகளையும் காலி ஆக்சிஜன் சிலிண்டர்களையும் கொல்லைப்புறத்துக்கு மாற்றினோம். இந்த மூன்றையும் எந்தக் கடிதமும் எங்களிடம் கேட்கவில்லை.

அமெரிக்காவில் மருத்துவமனையின் தீ எச்சரிக்கை மணி ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவில்லை என்றாலே, கட்டிடத்தைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் அது சரியாகும்வரை ஆள் போட்டுச் சுற்றிச்சுற்றிக் காவல் பார்க்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கே அங்கே அப்படி. இங்கே மாதக்கணக்கில் அவகாசம் கொடுக்கும்போது ஒரு காவலாளியைக்கூட நாம் நிபந்தனையாக வைப்பதில்லை. விதியை அப்படியே நிறைவேற்ற முடியாத பழைய கட்டிடங்களுக்கும் அங்கே ஒரு வழி உண்டு. கட்டிடத்தின் 13 அம்சங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் ஈடுகட்டலாம், மொத்தப் பாதுகாப்பு குறையக்கூடாது. அந்தக் கணக்கில் நோயாளி நடக்கக்கூடியவரா, எந்தத் தளத்தில் இருக்கிறார், ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதெல்லாம் சேரும்.

நம் ஊருக்கு ஈடான ஏற்பாடு என்று நான் முதலில் கேட்பது இதைத்தான்: எழுந்து நடக்க முடியாதவர்களைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் தரைத்தளத்தில் ஓ.பி., பார்மசி, லேப் இருக்கும். படுக்கைகள் மாடியில். தெருவைப் பார்த்த இடம் வருமானம் தருகிற இடம் என்பதால் வந்த அமைப்பு இது. மருந்து வாங்க வருகிறவர் மாடி ஏறலாம், ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் படுத்திருப்பவர் மாடி இறங்க முடியாது. மூன்றடிப் படியை இரண்டு மீட்டராக்க முடியாத மருத்துவமனை, அந்தப் படியை நம்பியிருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். அதோடு கொல்லைப்புறத்தில் ஒரு இரும்புப் படி, பக்கத்துக் கட்டிடத்தின் மொட்டை மாடிக்குப் போக அவர்கள் எழுத்துமூலம் சம்மதித்த ஒரு கதவு. இவற்றை நேரில் வந்து பார்த்து, விதிக்கு ஈடானவைதானா என்று தீயணைப்பு அலுவலர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஈடாகாது என்றால் அதையும் எழுதட்டும். அந்த மாடியில் படுக்கை போடக்கூடாது, அவ்வளவுதான். மருத்துவர் சங்கங்கள் இதைக் கெடுபிடி என்று சொல்லக்கூடும். மாடியில் உறவினரைப் படுக்கவைத்துவிட்டுக் கீழே பாய் விரித்துக் கிடக்கிறவர் அப்படிச் சொல்லமாட்டார்.

சிதம்பரத்துக்கென்றே இன்னொன்றும் இருக்கிறது. ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடுகிற நாளில் நான்கு வீதிகளிலும் ஜனம் நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தீயணைப்பு வண்டி சீக்கிரம் உள்ளே வர முடியாது. அவகாசத்தில் நடக்கும் மருத்துவமனை தேர் நாளில் என்ன செய்யும் என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். அன்றைக்கு அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிப்போடலாம். வந்து நிற்கும் தீயணைப்பு வண்டியைத் தேர்வீதிக்கு வெளியே காத்திருக்க வைக்காமல், தேர் கிளம்புவதற்கு முன்பே வீதிக்குள் நிறுத்தலாம்.

அரசு மருத்துவமனைகளுக்கும் இதே அளவுகோல்தான் வேண்டும். காமராஜ் அரசு மருத்துவமனையானாலும், அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட ராஜா முத்தையா மருத்துவமனையானாலும், இரவு மூன்று மணிக்கு யார் தூக்குவது என்ற கேள்வி மாறாது.

மருத்துவமனைகளைப் பதிவு செய்வது நலப்பணிகள் இணை இயக்குநர். தீயைப் பார்ப்பது மாவட்டத் தீயணைப்பு அலுவலர். மாவட்ட ஆட்சியர் இவர்கள் இருவரையும் மார்கழித் தேருக்கு முன்பாக ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் எந்தெந்த மருத்துவமனைகள் அவகாசத்தில் நடக்கின்றன, என்ன குறை, என்ன இடைக்கால ஏற்பாடு, எந்தத் தேதி வரை என்று பட்டியல் வெளியிட வேண்டும். அந்தத் தாளை அந்தந்த மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கு எதிர்ச்சுவரில், தமிழில், பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். இரண்டாவது முறை அவகாசம் கேட்டு வருகிறவரிடம் முதல் முறை எழுதிக் கொடுத்ததைச் செய்தாரா என்று, பகலில் அல்ல, இரவு பத்து மணிக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.